வளைவில் நின்றவர்

அவர் காலில் கட்டெறும்பு ஏறுவதைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொன்னேன். வேட்டியை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டி, வற்றிய கண்மாய்க்குள் எறும்புப் புற்றின் மேலேயே மூணுகால் ஸ்டாண்டை ஊன்றிக்கொண்டு நின்றார். கேமராவின் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலை இருந்தது. நான் சொன்னதற்கு உள்ளேயிருந்து பதில் வந்தது.

"தெரியுது தம்பி. மோட்டார் வந்துட்டுப் போகட்டும்."

மோட்டார் அந்தக் கோடியிலிருந்து சுற்றி வர நேரமாகும். நான் அவர் காலையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு தரம்கூடக் காலை மாற்றி வைக்கவில்லை. மோட்டார் புழுதியைக் கிளப்பிக்கொண்டு தாண்டிப் போன பிறகுதான் துணியை விலக்கி வெளியே வந்து காலை உதறினார். கெண்டைக்கால் முழுவதும் தடித்துச் சிவந்துவிட்டது. "படம் வந்திருக்காது. அது ரொம்ப வேகமாப் போச்சு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்குச் சில வருஷம் முந்தி நடந்தது இது. அப்போது நான் புதுக்கோட்டையில் ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டர். அவர் அதே ஊரில் ஸ்டூடியோ வைத்திருந்தார். படக்காரர் என்றுதான் ஊரில் சொல்வார்கள். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. நானும் இங்கே அந்தப் பெயரைச் சொல்லப்போவதில்லை.

வல்லத்திராக்கோட்டைப் பக்கம் இருந்த அந்தக் கண்மாய் சித்திரை மாதத்தில் வற்றி, தரை சிமெண்டுபோல இறுகிப்போகும். பெரிய வீட்டுப் பிள்ளைகள் சிலரும் திருச்சியிலிருந்து வருகிற வெள்ளைக்காரர்கள் சிலரும் அங்கே மோட்டார் பந்தயம் நடத்துவார்கள். சுண்ணாம்பால் கோடு போட்டு, கரையோரமாக ஒரு சுற்று. கார்கள் ஒரு தடவை, மோட்டார் சைக்கிள்கள் ஒரு தடவை. சுற்று வட்டாரச் சனம் முழுக்கக் கரைமேல் உட்கார்ந்திருக்கும். வண்டி நின்றுபோனால் தள்ளவும் பழுது பார்க்கவும் எங்கள் ஷெட்டிலிருந்து என்னை அனுப்பினார்கள். படம் எடுக்க அவரை வரச் சொல்லியிருந்தார்கள்.

முதல் வருஷம் எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. படம் பதிகிற கண்ணாடித் தகட்டைக் கழுவிப் பார்த்தால் மரமும் கரையும் சனமும் தெளிவாக இருக்கும், நடுவில் மோட்டார் இருக்கவேண்டிய இடத்தில் புகைபோல ஓர் இழுப்பு. யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவர் ஒரு நாள் ஷெட்டுக்கு வந்தார். திருச்சியில் யாரிடமோ பழசாக வாங்கிய வேறொரு கேமரா கையில் இருந்தது. செங்கல் கனம். மேலே ஒரு கம்பிச் சட்டம் நீட்டிக்கொண்டிருந்தது. ஓடுகிற பொருளை அந்தச் சட்டத்துக்குள் பார்த்துக்கொண்டே திரும்ப வேண்டுமாம்.

"மூணு கால் ஆகாது தம்பி. அது பூமியில ஒக்காந்துருது, திரும்ப மாட்டேங்குது. கையில தூக்குனா நடுங்குது. ஒத்தக்கால்ல ஒண்ணு செஞ்சு தாங்க. கனத்தைத் தரை வாங்கிக்கிடணும், நான் இடுப்போட அங்கிட்டும் இங்கிட்டும் திரும்பணும்."

வேலமரக் கம்பு ஒன்றைச் சீவி, அடியில் இரும்புப் பூண் போட்டு, உச்சியில் கேமராவை முறுக்கி உட்கார வைக்க ஒரு திருகு வைத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது, "இதுல ஒரு வசதி இருக்குண்ணே. வண்டி கிண்டி மேல வந்துச்சுன்னா தூக்கிக்கிட்டு ஓடிரலாம்" என்றேன்.

அவர் கம்பைத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தார். "ஓடுறதுக்கா தம்பி செய்யச் சொன்னேன்?"

அதற்குப் பிறகு பல நாள் சாயங்காலம் அவரைத் திருச்சி ரோட்டில் பார்க்கலாம். தகடு இல்லாத கேமராவைக் கம்பில் மாட்டிக்கொண்டு புளியமரத்தடியில் நிற்பார். பஸ் வரும். தூரத்திலேயே பிடித்து, கூடவே திரும்பி, தாண்டிப் போகும்வரை விடமாட்டார். காலைப் பெயர்க்காமல் இடுப்புக்கு மேலே மட்டும் கதவு திறந்து மூடுவதுபோலத் திரும்புவார். எங்கள் கண்டக்டர்கள் தலையை வெளியே நீட்டிக் கேலி செய்வார்கள். பஸ் இல்லாத நேரத்தில் மாட்டு வண்டி. அதுவும் இல்லாவிட்டால் கொக்கு.

அடுத்த கோடையில் அவர் எடுத்த படத்தை ஸ்டூடியோ வாசலில் மாட்டியபோது சனம் கூடி நின்று பார்த்தது. கார் அச்சு அசலாக இருந்தது, உள்ளே இருந்தவரின் மீசைகூடத் தெரிந்தது. பின்னால் கரை, மரம், சனம் எல்லாம் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தன. ஒரு கிழவர், "ஊரு ஓடுது, மோட்டாரு நிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். அது படக்காரருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. என்னிடமே இரண்டு மூன்று தடவை சொன்னார்.

அந்த வருஷமே வேறொன்றும் நடந்தது. எல்லைக் கோட்டருகில் இரண்டு கார்கள் ஒட்டி வந்தன. தன் கார்தான் முந்தியது என்று பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். படத்தில் மற்ற கார் முன்னால் இருந்தது. அவருடைய ஆள் ஸ்டூடியோவுக்கு வந்து, தகடு கெட்டுப்போச்சு என்று சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டான். நான் அப்போது அங்கே இருந்தேன். மிரட்டல் இல்லை, நயமாகத்தான் கேட்டான்.

"படம் நல்லாத்தான வந்திருக்கு" என்றார் இவர்.

"நல்லா வந்திருக்குங்க. வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டாப் போச்சு."

"வந்துருச்சே" என்றார் மறுபடியும், அவன்தான் ஏதோ புரியாமல் பேசுகிறான் என்பதுபோல. அந்த வீட்டுக் கல்யாணம், காதுகுத்து எதற்கும் அப்புறம் அவரைக் கூப்பிடவில்லை.

அவருடைய மனைவிக்கு ஊர் கறம்பக்குடி. கலகலப்பான பெண், நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். ஒரு தடவை ஸ்டூடியோவில் புதுக் கல்யாண ஜோடியைப் படம் எடுக்கும்போது, திரை கட்டியிருந்த மூங்கில் அவிழ்ந்து இவர் தோளில் விழுந்ததாம். வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தவர் எண்ணி முடித்து, லென்ஸுக்கு மூடி போட்ட பிறகுதான் ஐயோ என்றாராம். "வீடு பத்தி எரிஞ்சாலும் மூடியப் போட்டுட்டுத்தாண்ணே வெளிய வருவாரு" என்று அந்தத் தங்கச்சி சொல்லிச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டே தானும் சிரித்தார்.

தங்கச்சிக்கு ஒரு தம்பி. ஒரு பெரிய வீட்டில் டிரைவர். காக்கிச் சட்டையும் வாரிய தலையுமாக எங்கள் ஷெட்டில் எப்போது பார்த்தாலும் ஏதாவது வண்டியைக் குடைந்துகொண்டிருப்பான். இப்படி நேர்மாறான இரண்டு பேர் மச்சானும் மாப்பிள்ளையுமாக வாய்த்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இவர் அசையமாட்டார், அவன் ஒரு நொடி சும்மா இருக்கமாட்டான். அவன் அம்மாவுக்கு மகன் படம் ஒன்று வேண்டும் என்று ஆசை. இவர் எத்தனையோ தடவை உட்கார வைத்துப் பார்த்துவிட்டார். மூடியை எடுத்ததும் அவன் தலையைத் திருப்புவான், அல்லது சிரித்துவிடுவான். தகட்டில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளைக் கறை.

"மாப்ளே, மூச்சை மட்டும் விட்டுக்கிட்டு இருக்கத் தெரியாதா ஒனக்கு?"

"மச்சான், நான் நின்னா எடுப்பீங்க. ஓடுறப்ப எடுங்க பாப்போம்."

அதற்கடுத்த வருஷப் பந்தயத்தில் எசமானருடைய மோட்டார் சைக்கிளை அவனே ஓட்டுவதாக முடிவாயிற்று. வெள்ளைக்காரர்கள் நடுவில் ஒரு கறம்பக்குடிப் பையன். கரை முழுக்க அவனுக்காகச் சத்தம். அவன் அக்காவும் பெண்கள் கூட்டத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. நான் புறப்படுகிற இடத்தில் ஒரு கொட்டகையடியில் நின்றேன். படக்காரர் கரை மடங்குகிற வளைவில் கம்பை ஊன்றி நின்றார். வண்டிகள் அங்கேதான் வேகம் குறைத்துச் சாய்ந்து திரும்பும், முகம் நன்றாக விழும் என்று அந்த இடத்தைப் பிடித்திருந்தார். பக்கத்திலேயே கருங்கல் மடை.

முதல் சுற்றில் அவன் பின்னால் இருந்தான். அடுத்ததில் இரண்டு பேரைத் தாண்டினான். கடைசியில் அவன் மட்டும் தனியாக முன்னால் வந்தான். வளைவை நெருங்கும்போது வண்டியின் முன்பக்கம் எனக்கு ஏதோ சரியில்லாததுபோலப் பட்டது. தூரம், புழுதி. என்னவென்று சொல்லத் தெரியவில்லை. படக்காரர் அவனோடு சேர்ந்து திரும்புவது தெரிந்தது. அவருக்கு நேராக வந்தபோது முன் டயர் கழன்று சக்கரத்தில் சுற்றிக்கொண்டது. வண்டி ஒரு பக்கமும் அவன் ஒரு பக்கமுமாகப் போனார்கள். அவன் போய் மடைக்கல்லில் மோதினான்.

கரையில் இருந்த அத்தனை சனமும் எழுந்து இறங்கி ஓடிற்று. நானும் ஓடினேன். விழுந்தவனுக்கு எல்லாரையும்விடப் பக்கத்தில் இருந்தவர் அவர்தான். அவர் மட்டும் ஓடவில்லை. கம்பைப் பிடித்தபடி, கேமராவில் வைத்த கண்ணை எடுக்காமல், மடைப் பக்கம் திரும்பிய நிலையிலேயே நின்றார்.

"அடப்பாவி, அங்க உசுரு போகுது, நீ படமா புடிச்சுக்கிட்டு நிக்கிறே?" என்று எவனோ கத்தினான். ஒரு மண்ணாங்கட்டி வந்து அவர் முதுகில் விழுந்து உடைந்தது. அப்போதும் அவர் திரும்பவில்லை.

அவனைத் தூக்கி ஒரு காரில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவன் அக்காவும் அந்தக் காரிலேயே ஏறிக்கொண்டது. போகிற வழியிலேயே மூச்சு நின்றுவிட்டது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் படக்காரரிடம் போனேன். கண் திறந்திருந்தது. "அண்ணே, வாங்க" என்று தோளைத் தொட்டேன். கம்பைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நான்தான் பிரித்தேன். பிரித்த பிறகும் கை அதே மாதிரி வளைந்தபடி நின்றது.

செத்துக்கொண்டிருந்த மைத்துனனைப் படம் எடுத்தவர் என்று ஊர் பேசிற்று. தகடு மாற்றி மாற்றி எடுத்தார் என்று சேர்த்துச் சொன்னவர்களும் உண்டு. கேமராவில் இருந்தது ஒரே தகடுதான். அது அவன் விழுவதற்கு முன் எடுத்தது. இதை நான் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

காரியமெல்லாம் முடிந்து சில நாள் கழித்து, அவன் அம்மா கறம்பக்குடி பஸ்ஸில் வந்து எங்கள் ஷெட் வாசலில் இறங்கினார். மகள் வீட்டுக்குப் போகவேண்டும், கண் சரியாகத் தெரியவில்லை என்றார். நான் கைபிடித்து அழைத்துப் போனேன். அப்படித்தான் அன்றைக்கு நானும் அங்கே இருக்கும்படி ஆயிற்று.

அந்த அம்மாள் உட்காரவில்லை.

"மாப்ளே, எம்புள்ள மொகம் எனக்கு மறந்துபோகுது. கண்ணை மூடுனா ஆஸ்பத்திரியில துணி கட்டிக் கெடந்தானே, அதுதான் வருது. நீங்க அன்னிக்கு எடுத்தீங்களாமே. அதுல அவன் மொகம் இருக்கா?"

"இருக்கும் ஆத்தா. இன்னும் கழுவலை."

"கழுவிக் குடுங்க."

அவர் இருட்டறைக்குள் போனார். தகடு காய்ந்து, வெயிலில் வைத்துத் தாளில் அச்செடுத்து முடிய அரைநாள் ஆயிற்று. அதுவரை அம்மாளும் தங்கச்சியும் நானும் வெளியே காத்திருந்தோம். கொண்டுவந்து அந்த அம்மாளின் கையில் கொடுத்தார். பந்தயப் படங்களிலேயே அவ்வளவு துல்லியமாக ஒன்று நான் பார்த்ததில்லை. காற்றில் பறக்கிற முடி, கடித்த பல், கன்னத்தில் அப்பிய புழுதி எல்லாம் இருந்தன. உயிரோடு இருந்தபோது ஒரு தகட்டிலும் சிக்காத முகம்.

அம்மாள் முகத்தோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார். "எம்புள்ளதான்" என்றார்.

பிறகு மகள் வாங்கிப் பார்த்தது. அது முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே பார்த்தது. படக்காரர் வீட்டில் இருந்தவள், படம் பார்க்கத் தெரிந்தவள். விரலை முன் சக்கரத்தில் வைத்தது.

"டயரு பிதுங்கி நிக்குதே. இது ஒங்களுக்குத் தெரிஞ்சுச்சா?"

"தெரிஞ்சுச்சு."

"எடுக்குறப்பவா?"

"அதுக்கு முந்தியே. அவன் வளைவுக்கு வர்றப்பவே சக்கரம் ஆடுச்சு."

"கத்துனீங்களா?"

எனக்கு அந்த நேரத்தில் அவர் வாயைப் பொத்திவிடவேண்டும்போல இருந்தது.

"இல்ல" என்றார்.

தங்கச்சி படத்தை அம்மாவிடம் கொடுத்தது. உள்ளே போய் இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு வந்தது. சாயங்கால பஸ்ஸில் தாயும் மகளும் கறம்பக்குடிக்குப் போய்விட்டார்கள். அவர் வாசல்வரைகூட வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்றார்.

மறுநாள் நான் அவரிடம் சண்டையே போட்டேன்.

"அந்த வண்டி போடுற சத்தம் ஒங்களுக்குத் தெரியாதாண்ணே? பக்கத்துல வெடி வச்சாலும் ஓட்டுறவன் காதுல விழாது. விழுந்தாலும் அந்த வேகத்துல அவனால நிறுத்தியிருக்க முடியாது. இதைத் தங்கச்சிக்கிட்ட சொல்லுங்க."

"கேட்டிருக்காதுதான்" என்றார்.

"அப்புறம் என்ன?"

"ஆனா நான் கத்தலையே தம்பி."

எப்படிச் சுற்றி வந்து பேசினாலும் அந்த இடத்துக்கே வந்து நின்றார். அன்றைக்கு உறைந்துபோய் நின்றாரா, படம்தான் பெரிதென்று நின்றாரா என்று அவரிடமே கேட்டேன். "எனக்கே தெரியலை. கட்டத்துக்குள்ள அவன் மொகம் நல்லா விழுந்துச்சு. அது மட்டுந்தான் தெரியும்" என்றார். அதைக் கேட்டபோது அவர்மேல் எனக்கு இரக்கமும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

பிறகு யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு. எங்கள் பஸ்களே பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில், பின்னால் கரியடுப்பைக் கட்டிக்கொண்டு முக்கி முனகி ஓடின. பந்தயம் நின்றுபோயிற்று. அவர் ஸ்டூடியோவில் மூணுகால் ஸ்டாண்டோடு மட்டும் வேலை பார்த்தார். பட்டாளத்துக்குப் போகிற பையன்களை வீட்டார் கூட்டிவந்து நிறுத்திப் படம் எடுத்துக்கொள்வார்கள். இவர் துணிக்குள் தலையை விட்டால் வெகுநேரம் வெளியே வரமாட்டார். "என்னண்ணே இப்புடிப் பாக்குறாரு" என்று ஒரு பையன் என்னிடம் கலவரத்தோடு கேட்டிருக்கிறான். அவர் எடுத்த பையன்களில் சிலர் திரும்பவில்லை. அதற்கும் அவர் கண்ணைக் காரணம் சொன்னார்கள். கூட்டம் குறைந்தது.

வாரச் சந்தைக்கு ஓடும் கறம்பக்குடி பஸ்ஸில், வழியில் பழுது பார்க்க என்னையும் ஏற்றி அனுப்புவார்கள். ஒவ்வொரு சந்தையன்றும் அவரும் அதில் வருவார். மாமியார் வீட்டு எதிரில் ஒரு வேப்பமரம். அதனடியில் போய் நிற்பார். மாமியார் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பார். குடித்துவிட்டு நிற்பார். சாயங்காலம் அதே பஸ்ஸில் திரும்புவார்.

"தங்கச்சி என்ன சொல்லுச்சு?" என்று கேட்பேன்.

"வெளிய வரலை."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"இல்ல."

"ஏண்ணே, கூப்பிட்டாத்தான வரும்?"

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொள்வார். மாமியார் இறந்த பிறகும் அப்படியே போய் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் கொடுக்கத்தான் ஆள் இல்லை.

யுத்தம் முடிந்த மறு வருஷம் விஷக்காய்ச்சலில் படுத்தார். ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றார். தங்கச்சிக்கு ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "நான் சொல்லி வரவேணாம் தம்பி" என்றார். நானாகவே ஆள் அனுப்பினேன். தங்கச்சி வந்து சேர்ந்தபோது அவருக்கு நினைவு தப்பிவிட்டது. இரண்டு நாள் பக்கத்தில் உட்கார்ந்து வாயில் கஞ்சித் தண்ணீர் விட்டது. அவ்வளவுதான், முடிந்துபோயிற்று.

காரியத்துக்குப் பிறகு ஸ்டூடியோவைக் காலி செய்யவேண்டியிருந்தது. நான் பரணிலிருந்து தகடுகளை இறக்கிக் கொடுத்தேன். தங்கச்சி துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தது. திடீரென்று கையை நிறுத்திக் கேட்டது.

"அண்ணே, நீங்க வண்டி வேலை தெரிஞ்சவுக. மறைக்காமச் சொல்லுங்க. அன்னிக்கு இவரு கத்தியிருந்தா என் தம்பிக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காது தங்கச்சி. கேட்டாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது. அவருக்கும் அது தெரியும். நானே அவருகிட்ட சொன்னேன்."

"அப்ப ஏன் ஒரு நாளும் எங்கிட்ட சொல்லலை?"

"சொன்னா சாக்குச் சொல்ற மாதிரி ஆயிரும்னு நெனச்சிருப்பாரு."

"சாக்காவே இருந்துட்டுப் போகட்டுமே!" என்றது. "நான் நம்பியிருப்பேண்ணே. வாரவாரம் வந்து அந்த மரத்தடியில நின்னாரே, இன்னிக்காவது ஏதாச்சும் சொல்லுவாருன்னு கதவுக்கு உள்பக்கம் நானும் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். அவரு பஸ்ஸுக்குப் போற வரைக்கும் நிப்பேன்."

அடுத்த தகட்டை எடுத்து நீட்டினேன். அது வாங்கித் துடைத்தது.